நிறுத்திவிட்டாரா: ஆம் / இல்லை

அந்த அம்மா வந்தபோது நான் பிரின்டருக்குள் சிக்கிய காகிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இரும்புப் படியில் தடதடவென ஏறி வந்தார். வணக்கம் இல்லை, உட்காரலாமா என்ற கேள்வி இல்லை. கையிலிருந்த துணிப்பையை என் மேஜைமேல் கவிழ்த்தார். உறை பிரிக்காத ஊசிகள், நாற்பதுக்குக் குறையாது, என் டீக் கோப்பையைச் சுற்றிச் சிதறின.

“இதெல்லாம் உங்க இடத்துல குடுத்ததுதானே?”

ஒவ்வொரு உறையிலும் எங்கள் மையத்தின் முத்திரை நீல மையில் பளிச்சென்று இருந்தது. ஆமாம் என்றேன்.

“என் தம்பி மெத்தைக்கு அடியில இருந்துச்சு. போதைய நிறுத்த வைக்கிறவங்கன்னு நெனச்சு நான்தான் அவனை இங்க போகச் சொன்னேன். நீங்க என்னடான்னா கையில எடுத்துக் குடுத்து அனுப்பறீங்க. வாசல் போர்டுலயே தீங்குன்னு போட்டிருக்கு. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.”

போர்டு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ‘தீங்கு குறைப்பு ஆலோசனை மையம்’ என்று எழுதச் சொல்லியிருந்தோம். எழுதியவர் ‘தீங்கு’ என்பதை ஆசை ஆசையாகப் பெரிதாகப் போட்டுவிட்டு, இடம் போதாமல் ‘குறைப்பு’ என்பதை எறும்பு ஊர்கிற மாதிரி ஓரத்தில் நுழைத்திருந்தார். கீழே பேட்டரிக் கடைக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்கள். அதை மாற்றச் சொல்லி மூன்று வருடமாக மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவரை உட்கார வைத்து, எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். தம்பி நிறுத்துகிற நாள் வந்தால் எங்களைவிடச் சந்தோஷப்படுகிறவர்கள் கிடையாது. ஆனால் அந்த நாள் வரும்போது அவன் உயிரோடு இருக்க வேண்டும். அடுத்தவன் ஊசியைக் குத்திக்கொண்டு அவனுடைய நோயையும் சேர்த்து வாங்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் சுத்தமான ஊசி. பதினான்கு வருடமாகச் சொல்லிச் சொல்லி இந்த வசனம் எனக்கே ஒலிபெருக்கி அறிவிப்பு போலக் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

“அப்ப நிறுத்த வைக்க மாட்டீங்க” என்றார்.

“நான் வைக்க முடியாதும்மா. அவரா வரணும்.”

“அதுக்கு எதுக்கு உங்களுக்கு ஒரு ஆபீசு?”

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு பெரிய சலவைக்கூடத்தில் ஓட்டல் விரிப்புகளை நீராவி இயந்திரத்தில் அழுத்தும் வேலை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கன்றிப்போய்ச் சிவந்திருந்தது. அம்மா இறந்தபோது தம்பிக்கு ஆறு வயது. தூக்கி வளர்த்தவர் இவர்தான்.

தம்பியை எங்கள் மையத்தில் எல்லோரும் லிப்ட்டு என்பார்கள். லிப்ட் மெக்கானிக், முப்பத்தோரு வயது. ஏழு வருடத்துக்கு முன்னால் லிப்ட் குழிக்குள் விழுந்து முதுகு பிசகியது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையைக் கொடுப்பதை நிறுத்தினார்கள். வலியை யாரும் நிறுத்தவில்லை. அங்கிருந்து பொடி, பொடியிலிருந்து ஊசி. நாங்கள் நூறு பேரிடம் கேட்டிருக்கிற கதைதான். ஆனால் அந்த நூறு பேரும் சேர்ந்து வாங்காத உயிரை இவன் ஒருவனே வாங்கினான்.

செவ்வாய் பத்து மணிக்கு வரச் சொன்னால் வியாழன் நான்கு மணிக்கு வருவான். கண் சொருகிக்கொண்டிருக்கும்போதே, “இன்னிக்கு ஒண்ணுமே இல்ல மேடம், ராத்திரி தூக்கம் சரியில்ல” என்பான். இங்கே பொய் சொல்லத் தேவையே இல்லை, யாரும் உங்களைத் துரத்தப்போவதில்லை என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. பழக்கதோஷம். பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுத் திருப்பிக் கொண்டுவர மஞ்சள் டப்பா கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துக் கொண்டுவந்தான். திறந்தால் உள்ளே முழுக்க ஸ்க்ரூவும் நட்டும் போல்ட்டும். அளவு வாரியாகப் பிரித்து வைக்க அந்த டப்பா ரொம்ப வசதியாக இருக்கிறதாம். இன்னும் இரண்டு வேண்டுமாம். எங்கள் நர்ஸ் அன்று தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கு அடுத்த அறையில் கேட்டது.

அக்காவிடம் வருகிறேன். அவருடைய திட்டம் எளிமையானது. தம்பியை வீட்டில் வைத்துப் பூட்டுவது. பத்துப் பதினைந்து நாள் கஷ்டப்பட்டால் உடம்பு தானாகச் சரியாகிவிடும் என்று சலவைக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. மெதுவாகத்தான் சொன்னேன். சில நாள் விட்டாலே உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி போய்விடும். ஆனால் கைக்குப் பழைய அளவுதான் ஞாபகம் இருக்கும். வெளியே வந்து அதே அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். பூட்டுவது வேண்டாம், டாக்டரிடம் மாற்று மருந்து தொடங்கலாம், படிப்படியாகக் குறைக்கலாம். அப்படியும் பூட்டத்தான் போகிறீர்கள் என்றால் இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று, மூச்சு நின்றால் மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே ஒன்றை எடுத்து நீட்டினேன்.

அவர் அதைத் தொடவில்லை. “அவன் திரும்பவும் போவான்னு நீங்களே முடிவு கட்டிட்டீங்க. நல்ல வார்த்தையே உங்க வாயில வராதா?” என்று எழுந்துவிட்டார். போகிற போக்கில் என் மேஜையிலிருந்த கார்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். என்மேல் புகார் கொடுக்க.

கொடுக்கவும் செய்தார். மறுநாளே மேற்பார்வையாளர் போனில் வந்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் இல்லாதவர். ஆனால் அவர் உலகம் ஒரு படிவத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ‘நிறுத்திவிட்டாரா’ என்று ஒரு கட்டம், அதற்குள் ஆம், இல்லை, இரண்டில் ஒன்று. குறைத்துவிட்டார், வேலைக்குப் போகிறார், கையில் புண் ஆறிவிட்டது, இந்த வருடம் ஆஸ்பத்திரியில் சேரவில்லை, இதற்கெல்லாம் அங்கே இடம் கிடையாது. குடும்பத்தாரே புகார் சொல்லும்படி ஏன் நடந்துகொள்கிறீர்கள் என்று கேட்டார். எழுத்தில் விளக்கம் கேட்டார். கேட்ட அன்றே அனுப்பினேன். அது வந்து சேரவில்லை என்று மறுபடியும் கேட்டார்.

லிப்ட்டுக்குப் போன் செய்தேன். பூட்டிக்கொள்ள அவனே சம்மதித்திருந்தான். “விடுங்க மேடம். உங்க வழிய பாத்தாச்சு. அக்கா வழியையும் ஒரு தடவ பாத்துடறேன்.” வளர்ந்த ஆள், அவன் முடிவு. ஆனாலும் நான்காம் நாள் நர்ஸையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அக்கா உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியாக ஐந்து நிமிடம் பேச அனுமதித்தார். அவன் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன. கால் தானாக உதைத்துக்கொண்டது. நான் அளவு விஷயத்தை மறுபடி ஆரம்பித்தேன்.

“தெரியும் மேடம். நூறு தடவ சொல்லிட்டீங்க.”

எனக்கு மட்டும் ஆசையா என்ன, ஒரே விஷயத்தை நூறு தடவை சொல்ல?

ஒன்பதாம் நாளே அவன் திறந்துவிடச் சொல்லியிருக்கிறான். அக்கா மாட்டேன் என்றிருக்கிறார். பதினோரு நாள் முழுதாகக் கழிந்து பன்னிரண்டாம் நாள் காலை அவர் வேலைக்குப் போனதும், ஸ்பூன் காம்பை வைத்துக் கதவின் கீலிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துவிட்டு, கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறான். ஆணிகள் தொலையாமல் ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தானாம். லிப்ட் மெக்கானிக்கைப் பூட்டி வைக்கிறவர்கள் கீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

மதியம் ஒன்றேகால். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் வாய் எடுத்தேன். போன் அடித்தது. எடுத்தால் மூச்சிரைப்பு மட்டும். பிறகு, “மேடம், நான் அவன் அக்கா பேசறேன். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தா பாத்ரூம் உள்ள தாழ்ப்பா போட்டிருக்கான். கூப்பிட்டா பதில் இல்ல. உங்க கார்டுதான் கையில இருந்துச்சு.”

தாழ்ப்பாளை உடைக்கச் சொன்னேன். உடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் ஒன்று கேட்டது, அது சொல்லாக இல்லை. நான் அதற்குள் ஸ்ப்ரே இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கியிருந்தேன். நர்ஸ் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். மூன்று தெரு. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, வயதுக்குத் தகாத ஓட்டம் ஓடினேன். உதடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நீலமாக இருக்கிறது என்றார். மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையைப் பின்னால் சாயுங்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நெஞ்சு மேலே எழும்புகிறதா பாருங்கள், ஐந்து எண்ணி மறுபடி ஊதுங்கள். குறுக்கே வந்த சைக்கிள்காரர் என்னைத் திட்டினார். நானும் திட்டினேன். அந்தப் பக்கம் அவர் எண்ணுவது கேட்டுக்கொண்டே இருந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பாத்ரூம் தரையில் மண்டியிட்டிருந்தார். வேலைக்குப் போட்டிருந்த சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு ஸ்ப்ரேயை அடித்தேன். அவர் ஊதினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நிமிடம் காத்திருந்து இரண்டாவதை அடித்தேன். இதைப் பலமுறை செய்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு நிமிடம் மட்டும் பழகுவதில்லை. பிறகு அவன் தொண்டையிலிருந்து ஒரு இழுப்பு வந்தது. இன்னொன்று வந்தது. உதட்டின் நீலம் மெல்லப் போயிற்று. கண்ணைத் திறந்து, எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். என் காலடியில் வாந்தி எடுத்தான். பிறகு பேசினான்.

“யாரு மருந்து அடிச்சது? இருந்த போதை எல்லாத்தையும் பாழாக்கிட்டீங்களே மேடம்.”

பன்னிரண்டு நிமிடம் தன் மூச்சை அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா, கொடியிலிருந்த ஈரத்துண்டை உருவி அவனை ஓங்கி ஓங்கி அடித்தார். நான் தடுக்கவில்லை. எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இதற்கு என்ன எழுதியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தடுக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. அவர்கள் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். வர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். ஸ்ப்ரேயின் வேகம் இறங்கியதும் மயக்கம் திரும்பி வரலாம், தனியே விடக் கூடாது. நர்ஸிடம் இன்னும் இரண்டு கொண்டுவரச் சொல்லிவிட்டு, கதவில்லாத வாசலில் நாற்காலியைப் போட்டுக் குறுக்கே உட்கார்ந்தேன். அவனுக்கு வெளியே போக வேண்டும். குமட்டல், நடுக்கம், எரிச்சல். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வந்து நின்றான். வழி விடுங்க மேடம் என்றான். அவன் ஐந்தாம் முறை வந்தபோது எனக்குள் ஏதோ அறுந்துபோயிற்று.

“உக்காருடா” என்றேன். அதுவரை அவனை ஒருமையில் பேசியதில்லை. “ஏழு வருஷமா ஒரு அக்கா, மூணு வருஷமா நான். செவ்வாக்கிழமைன்னா வியாழக்கிழமை. டப்பா குடுத்தா ஸ்க்ரூ. கார்டு எடுத்து என்மேல புகார். விளக்கம் எழுதியே என் கை போச்சு. இன்னிக்கு செத்துத் தொலைஞ்சிருந்தா அதுக்கும் நான்தான் படிவம் எழுதணும். என்னதான் வேணும் உனக்கு? சொல்லு. ஒரே ஒரு தடவ நிஜத்த சொல்லு.”

இப்படிப் பேசக் கூடாது. ஆலோசகர் வாயில் வரக்கூடாத வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான்.

“பதினோரு நாள் இருந்தேன் மேடம்” என்றான். “ஏழு வருஷத்துல ரெண்டு நாள் சேந்தாப்ல இருந்தது கெடையாது. பதினோரு நாள் இருந்தேன். நீங்களும் சொல்லல, அக்காவும் சொல்லல. கதவ கழட்டினத மட்டும் பேசறீங்க.”

ஆம் இல்லை கட்டத்தைக் கண்டபடி திட்டுகிறவள் நான். அவன் சொன்ன பிறகுதான் தெரிந்தது, ஜன்னல் வழியாகப் பார்த்த நான்காம் நாளும், போன் வந்த பிறகும், அந்தப் பதினோரு நாளை நானும் ‘இல்லை’ கட்டத்தில்தான் போட்டு வைத்திருந்தேன். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து, முதலில் எனக்குக் கொடுத்தார், பிறகு அவனுக்கு.

இத்தோடு அவன் திருந்திவிட்டான் என்று நான் சொல்ல வேண்டும் என்று நினைப்பீர்கள். மூன்றாம் நாளே மறுபடி போட்டுக்கொண்டான். ஆனால் போட்டுக்கொள்வதற்கு முன்னால் எனக்குப் போன் செய்து, எவ்வளவு குறைத்துப் போட வேண்டும் என்று கேட்டான். சரியான அளவு என்று ஒன்று கிடையாது, போடாமல் இருப்பதுதான் பத்திரம், தனியாக மட்டும் இருக்காதீர்கள் என்றேன். அக்காவுக்கு லீவு கிடைக்குமா என்று கேட்கப் போனான்.

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து படி ஏறி வந்தார்கள். செவ்வாய்க்கிழமைதான். பன்னிரண்டரை மணிக்கு. அக்கா நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்ப்ரேயை எங்கே வைக்க வேண்டும், வெயில் படலாமா, எத்தனை மாதம் இருக்கும் என்று கேட்டுக்கொண்டார். தேதியைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை சரிபார்த்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரு தாளில் எழுதினோம். தினமும் காலையில் டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாற்று மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைப்பது. மீறிப் போட்டுக்கொண்டால் ஒளிக்காமல் சொல்வது. சொன்னதற்காக அடிப்பதில்லை. பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

கடைசி நிபந்தனைதான் அந்த வீட்டைப் படாதபாடு படுத்தியது. அக்கா பாத்ரூமில் இருக்கும்போது இருமிக்கொண்டே இருக்க வேண்டும். விருந்தாளி யாராவது வந்தால் வாசலில் ஒருவர் காவல் நிற்க வேண்டும். ஒரு மாதத்தில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. எனக்குப் போன் செய்து கமறிய குரலில் திட்டினார்.

“அடிக்கக் கூடாதுன்னு எழுதிட்டீங்க. கத்தக் கூடாதுன்னு எழுதல இல்ல?”

இல்லை என்றேன். சரி என்று வைத்துவிட்டார். அந்தப் பக்கம் கத்தல் ஆரம்பிப்பது வைப்பதற்குள் கேட்டது.

காலாண்டுக் கூட்டம் வந்தது. மேற்பார்வையாளர் என் படிவத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். லிப்ட்டின் பெயருக்கு எதிரே ஆமும் போடவில்லை, இல்லையும் போடவில்லை. கட்டத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தேன்: ஒரு நாளைக்கு நான்கு முறை என்றிருந்தது வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு; எழுபத்தெட்டு நாளில் மாத்திரை தவறியது ஆறு நாள்; வாரத்தில் மூன்று நாள் வேலை; கைப்புண் ஆறியது. இப்படியெல்லாம் எழுதினால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது என்றார். ஏதாவது ஒன்றை டிக் செய்யச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். கூட்டத்தில் இருபது பேர் முன்னால் ஒரு கட்டத்துக்காகக் கால்மணி நேரம் வாதாடினோம். கடைசியில் அவரே ‘இல்லை’யை டிக் செய்துகொண்டார். ஓரத்தில் எழுதியதை அடிக்கவில்லை. அவ்வளவுதான் நான் ஜெயித்தது.

போன வியாழக்கிழமை அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். கடைவாய்ப்பல் வலியாம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். இரண்டு மூன்று வருடமாகச் சொத்தைதான், இத்தனை நாள் வலித்ததே தெரியவில்லை, இப்போதுதான் தெரிகிறது என்றான். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். போதையில் மரத்துக் கிடந்த உடம்பு மறுபடி உணர ஆரம்பித்திருக்கிறது, எனக்கு அது நல்ல சேதி. அவன் அதைப் புகாராகத்தான் சொன்னான்.

பல் டாக்டரிடம் போன் செய்து காலை எட்டு மணிக்கு நேரம் வாங்கினேன். எட்டு மணியா, எட்டு மணிக்கு யாராவது வாயைத் திறப்பார்களா மேடம் என்றான். மறுபடி போன் செய்து பத்தரைக்கு மாற்றினேன். மாற்றிக் கொடுத்த பெண் என்னை நன்றாகத் திட்டினாள். வைத்த பிறகு, அன்றைக்குத் தனக்கு ஒரு கட்டடத்தில் லிப்ட் வேலை இருப்பது ஞாபகம் வந்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னான். அடுத்த நாளுக்குப் போட முடியுமா?

நான் போனை அவன் கையில் கொடுத்து, நீங்களே பேசுங்கள் என்றேன். அவன் எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் முழுப்பெயரைச் சொல்லிப் பேச ஆரம்பித்தான்.